மேனியில் குடியிருக்கும் ஈஸ்ட்: கரப்பானுக்கு அதுதான் காரணமா?

பொடுகு, தேமல், கரப்பான்.

மூன்றும் வெவ்வேறு வியாதிகள். ஆனால் மூன்றிலும் ஒரே பெயர் அடிபடுகிறது. அந்தப் பெயர் "மலசேசியா".

இது ஒரு வகை ஈஸ்ட். காளான் இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர். ரொட்டி மாவைப் பொங்க வைப்பது ஒரு ஈஸ்ட். பனஞ்சாற்றைக் கள்ளாக மாற்றுவதும் ஈஸ்ட்தான். மலசேசியா அவற்றுக்குத் தூரத்து உறவு. ஆனால் அது வாழ்கிற இடம் மாவும் அல்ல, பானையும் அல்ல. மனிதனுடைய தோல்!

பொடுகுக்கும் தேமலுக்கும் இந்த ஈஸ்டுடன் தொடர்பு உண்டு என்பது பழைய செய்தி. கரப்பானில் அதன் பங்கு என்ன? இதைத்தான் இப்போது விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகிறார்கள்.

இந்தக் கேள்வி ஆராய்ச்சிக் கூடத்தோடு நின்றுவிடவில்லை. தெருமுனை மருந்துக் கடை வரை வந்துவிட்டது. காளானைக் கொல்ல ஒரு மருந்து, கிருமியைக் கொல்ல ஒரு மருந்து, அரிப்பை அடக்க ஒரு மருந்து. மூன்றையும் ஒரே டியூபில் அடைத்து விற்கிறார்கள்.

"அண்ணே, பிள்ளை ராத்திரி எல்லாம் சொறிஞ்சுக்கிட்டே இருக்கான். ஏதாவது களிம்பு கொடுங்க."

"இதைப் போடும்மா. மூணு நாள்லே போயிடும்."

மூன்று நாளில் போய்விடுகிறது. உண்மைதான். பத்தாம் நாள் இரண்டு பங்காகத் திரும்பி வருகிறது. அதுவும் உண்மைதான்.

எந்தக் கரப்பான்?

கரப்பான் என்ற பெயரை நம் ஊரில் பல தோல் வியாதிகளுக்குச் சொல்கிறார்கள். இங்கே சொல்லப்படுவது, டாக்டர்கள் "அடாபிக் டெர்மடைட்டிஸ்" என்று எழுதுகிற ஒவ்வாமைக் கரப்பான்.

பெரும்பாலும் இது குழந்தைப் பருவத்திலேயே தொடங்குகிறது. கைக்குழந்தைக்குக் கன்னத்தில் சிவந்து, நீர் கசியும். நடக்கிற வயதில் முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்புறமும் தோல் தடித்துச் சொரசொரப்பாகும். பெரியவர்களுக்கு முகம், கண் இமை, கழுத்து ஆகிய இடங்களில் வருவது உண்டு.

அரிப்புதான் இந்த வியாதியின் கொடுமை. அதுவும் இரவில் வருகிற அரிப்பு. பிள்ளை தூங்காது. தாய் தூங்க மாட்டாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளை பெஞ்சில் சாய்ந்து தூங்கும்.

அதோடு போகிறதா? "பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது கத்தரிக்காய் தின்றாயே, அதுதான் காரணம்" என்று தாயின் தலையில் பழி விழும். "ஒட்டுவாரொட்டி" என்று சொல்லிப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை விளையாட விடமாட்டார்கள்.

இரண்டும் தவறு. இந்தக் கரப்பான் ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. தொட்டாலும் வராது, ஒரே துண்டில் துடைத்தாலும் வராது. தாய் தின்ற கத்தரிக்காயாலும் வராது. ஆஸ்துமா, அடுக்குத் தும்மல் போன்ற ஒவ்வாமை வியாதிகள் உள்ள குடும்பங்களில் இது அதிகம் காணப்படுகிறது. அது பரம்பரைக் கூறு. யாருடைய குற்றமும் அல்ல.

தோல் வியாதி உயிரைக் கொல்லாது என்று உலகம் நெடுங்காலம் அலட்சியமாக இருந்தது. 2025-ம் ஆண்டு மே மாதம் ஜெனீவாவில் கூடிய உலகச் சுகாதாரச் சபை, தோல் நோய்களைப் பொதுச் சுகாதாரத்தில் முக்கிய இடம் கொடுத்துக் கவனிக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. காலம் கடந்த காரியம் என்றாலும் நல்ல காரியம்.

எண்ணெய் தின்னும் உயிர்

1846-ம் ஆண்டில் ஜெர்மனியில் ஐக்ஸ்டெட் என்பவர் தேமல் செதிளைப் பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்த்தார். அதில் காளான் இருப்பதைக் கண்டார். 1874-ல் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த லூயி சார்லஸ் மலசே என்ற டாக்டர், தலைப் பொடுகில் உருண்டையான ஈஸ்ட் உருவங்களைக் கண்டார். 1889-ல் அவர் பெயரையே அதற்குச் சூட்டினார்கள்.

ஒரு ஈஸ்டின் அளவு எவ்வளவு தெரியுமா? ஒரு மில்லி மீட்டர் நீளத்துக்குள் சுமார் 250 ஈஸ்டுகளை வரிசையாக நிறுத்திவிடலாம்!

இதை ஆராய்ச்சிக் கூடத்தில் வளர்ப்பது பெரும்பாடாக இருந்தது. சாதாரண உணவு வைத்தால் வளராது. ஆலிவ் எண்ணெயை மேலே ஊற்றினால் வளர்ந்தது. ஏன் என்ற கேள்விக்கு 2007-ம் ஆண்டில் தெளிவான பதில் கிடைத்தது. அந்த ஆண்டு, பொடுகில் காணப்படும் ஒரு மலசேசியா வகையின் மரபுக் குறிப்பு முழுவதையும் விஞ்ஞானிகள் படித்து முடித்தார்கள். கொழுப்பைத் தானே தயாரிப்பதற்கான மரபணு அதனிடம் இல்லை! அடுப்பே இல்லாத வீடு மாதிரி. வெளியே இருந்து எண்ணெய் கிடைத்தால்தான் பிழைப்பு.

எனவேதான் அது எண்ணெய்ப் பசையுள்ள இடங்களைத் தேடி இருக்கிறது. தலை, நெற்றி, மூக்கின் இரு பக்கம், மார்பு, முதுகு.

குழந்தை பிறந்த சில நாட்களிலேயே, தாயின் மேனியில் இருந்து இந்த ஈஸ்ட் குழந்தையின் மேனிக்கு வந்துவிடுகிறது. வாலிப வயதில் தோலில் எண்ணெய் சுரப்பு கூடும்போது அதுவும் பெருகுகிறது. பிறகு ஆயுள் முழுவதும் கூடவே இருக்கிறது. மாடியில் வாழ்பவர் மேனியிலும் உண்டு. குடிசையில் வாழ்பவர் மேனியிலும் உண்டு. தினம் இரண்டு வேளை குளிப்பவருக்கும் உண்டு.

ஆகவே இது வெளியே இருந்து வந்து தாக்குகிற கிருமி அல்ல. நம்மோடு பிறப்பு முதல் வாழ்ந்து வரும் குடித்தனக்காரர். குடித்தனக்காரரோடு ஏன் சண்டை வருகிறது என்பதுதான் கதை.

சுவரில் விரிசல்

தோலின் மேல் அடுக்கு ஒரு செங்கல் சுவர் போன்றது. தட்டையான செல்கள் செங்கல். அவற்றுக்கு இடையே உள்ள கொழுப்பு, சுண்ணாம்புச் சாந்து. இந்தச் சுவர் உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாது. வெளியே இருக்கும் தூசியையும் கிருமியையும் உள்ளே விடாது.

2006-ம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இர்வின் மெக்லீனும் அவரது கூட்டாளிகளும் ஒரு பெரிய உண்மையை வெளியிட்டார்கள். "ஃபிலாக்ரின்" என்ற புரதம் இந்தச் சுவரைக் கட்டுவதற்கு மிகவும் தேவை. அதைத் தயாரிக்கும் மரபணுவில் கோளாறு உள்ளவர்களுக்குக் கரப்பான் வருகிற வாய்ப்பு மிக அதிகம் என்பதே அவர்கள் கண்டது. கரப்பான் உள்ள எல்லோருக்கும் இந்தக் கோளாறு இருப்பதில்லை. ஆனால் சுவர் பலவீனம் என்பது எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது.

அதுவரை, "ரத்தத்தில் கெட்ட நீர், அதுதான் தோலில் வெடிக்கிறது" என்ற மாதிரி உள்ளே இருந்து வெளியே பார்த்தார்கள். டண்டீ ஆராய்ச்சிக்குப் பிறகு, முதலில் சுவரைப் பார் என்று ஆயிற்று.

சுவரில் விரிசல் விழுந்தால் என்ன ஆகும்? மேலே சும்மா இருந்த ஈஸ்டின் துணுக்குகள் உள்ளே இறங்குகின்றன. உள்ளே காவல் காக்கிற எதிர்ப்புச் சக்தி, "அன்னியன் வந்துவிட்டான்" என்று பாய்கிறது. அந்தப் பாய்ச்சலே சிவப்பு, வீக்கம், அரிப்பு.

இதிலே ஒரு வேடிக்கை இருக்கிறது. ஈஸ்டில் உள்ள சில புரதங்கள் மனித உடம்பில் உள்ள சில புரதங்களைப் போலவே இருக்கின்றன. அண்ணன் தம்பி சாயல். ஈஸ்டைத் தாக்கக் கிளம்பிய எதிர்ப்புச் சக்தி, சாயலைக் கண்டு ஏமாந்து, உடம்பின் சொந்தப் புரதத்தையே தாக்க முடியும் என்று சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 2005-ல் காட்டினார்கள். கரப்பான் நெடுநாள் ஆறாமல் இழுப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது.

2019-ல் சூரிச் நகரில் எலிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. எலியின் தோலில் மலசேசியாவைத் தடவினார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை அளவுக்கு மீறிப் பெருகாமல் கட்டுப்படுத்தி வைத்தது. தோல் சேதமான எலிகளிலோ, அதே எதிர்ப்புச் சக்தி தோலின் அழற்சியை அதிகமாக்கிவிட்டது. ஈஸ்ட் ஒன்றுதான். காவல்காரனும் ஒருவன்தான். மாறியது சுவர்.

புளிப்பும் சோப்பும்

இன்னொரு விஷயம். ஆரோக்கியமான தோல் கொஞ்சம் புளிப்புத் தன்மை உள்ளது. புளிப்பையும் காரத்தையும் அளக்க 0 முதல் 14 வரை ஓர் அளவு உண்டு. 7 என்பது நடு. அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். தோலின் அளவு சுமார் 5. கரப்பான் வந்த தோலில் இது 6-ஐ நெருங்குகிறது. சாதாரணக் கட்டிச் சோப்பு 9 அல்லது 10!

2006-ல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் ஒரு மலசேசியா வகையை இரண்டு விதமாக வளர்த்துப் பார்த்தார்கள். ஆரோக்கியமான தோலின் புளிப்பில் வளர்த்தபோது, ஒவ்வாமையைக் கிளப்பும் புரதங்களை அது குறைவாக வெளிவிட்டது. கரப்பான் தோலின் அளவுக்குப் புளிப்பைக் குறைத்தபோது, அதிகமாக வெளிவிட்டது.

அழுக்குப் போக வேண்டும் என்று கரப்பான் பிள்ளையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது. தோல் அழுக்காக இருப்பதால் கரப்பான் வரவில்லை. தேய்க்கத் தேய்க்கச் சுவர்தான் இடிகிறது.

பிள்ளைக்கு ஒரு கணக்கு, பெரியவருக்கு ஒரு கணக்கு

அப்படியானால் ஈஸ்டைக் கொன்றுவிட்டால் கரப்பான் தீர்ந்துவிடுமா?

இங்கேதான் மருந்துக் கடைக் கணக்கும் ஆராய்ச்சிக் கணக்கும் மாறுபடுகின்றன.

சின்னக் குழந்தைகளின் கரப்பானில் இந்த ஈஸ்டின் பங்கு குறைவு. ஏனென்றால், குழந்தையின் தோலில் எண்ணெய் குறைவு. ஈஸ்டும் குறைவு. ஈஸ்டுக்கு எதிரான ஒவ்வாமை ரத்தத்தில் தெரிவது பெரும்பாலும் பெரிய பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும்தான். அதிலும் முகம், தலை, கழுத்து ஆகிய இடங்களில் கரப்பான் பிடித்தவர்களிடம் அதிகம்.

அந்தப் பெரியவர்களுக்காவது காளான் களிம்பு கைகொடுத்ததா?

1995-ம் ஆண்டில் ஸ்வீடனில் சோதித்தார்கள். தலையிலும் கழுத்திலும் கரப்பான் உள்ளவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு மென்மையான ஸ்டிராய்டு களிம்பு மட்டும். மற்றக் கூட்டத்துக்கு ஸ்டிராய்டோடு காளான் மருந்தும், காளான் மருந்து கலந்த ஷாம்புவும். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. முடிவு என்ன? காளான் மருந்து பூசியவர்களின் தோலில் ஈஸ்ட் குறைந்தது. ஆனால் கரப்பான் குறைந்ததில் இரு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை!

பிறகு நடந்த வேறு சில சோதனைகளில், காளானுக்கான மாத்திரை சாப்பிட்ட சிலருக்குக் குணம் தெரிந்தது. ஆனால் மாத்திரைக்கு விலை உண்டு. கீட்டோகோனசோல் மாத்திரை கல்லீரலைக் கெடுக்கலாம் என்பதால் 2013-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதற்குக் கடுமையான தடைகள் விதித்தார்கள்.

2017-ல் அமெரிக்காவில் "டுபிலுமாப்" என்ற ஊசி மருந்து அனுமதிக்கப்பட்டது. கடுமையான கரப்பானுக்கு இது பெரும் நிவாரணம். விலையும் பெரிது. ஆனால் இந்த ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு உடம்பெல்லாம் சரியாகி, முகமும் கழுத்தும் மட்டும் சிவந்தன. அவர்களில் சிலருக்குக் காளான் மருந்து கொடுத்தபோது சிவப்பு தணிந்தது. பழைய சந்தேகம் இதனால் மறுபடி தலை தூக்கி இருக்கிறது.

ஆகவே ஈஸ்டுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. சிலருக்கு, சில இடத்தில், சில காலத்தில் உண்டு. அது யாருக்கு என்று பார்த்துச் சொல்வது டாக்டர் வேலை. கைக்குழந்தையின் கன்னத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

நல்லதும் செய்கிறது

ஈஸ்டை அடியோடு அழித்துவிட நினைப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அது சும்மா தின்றுவிட்டுத் தூங்குகிற குடித்தனக்காரர் அல்ல.

கரப்பான் புண்களில் சீழ் பிடிக்க வைக்கும் "ஸ்டபிலோகாக்கஸ் ஆரியஸ்" என்ற பாக்டீரியா அதிகம் இருக்கும். பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்ததில், கரப்பான்காரர்களில் 100-க்கு 70 பேரின் புண்ணில் அது இருந்தது. இந்தப் பாக்டீரியா ஒன்றாகச் சேர்ந்து, பிசின் போன்ற ஒரு கூட்டைக் கட்டிக்கொண்டு உள்ளே பத்திரமாக இருக்கும். மலசேசியா வெளிவிடும் ஒரு நொதி அந்தக் கூட்டைக் கலைக்கிறது என்று சிங்கப்பூரில் நடந்த ஆராய்ச்சி 2018-ல் தெரிவித்தது.

2025-ல் அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் இருந்து இன்னும் வியப்பான செய்தி வந்தது. மலசேசியா தோலின் எண்ணெயைத் தின்னும்போது ஒரு கொழுப்பு அமிலத்தை உண்டாக்குகிறது. அந்த அமிலம் ஸ்டபிலோகாக்கஸ் பாக்டீரியாவைக் கொல்கிறது! ஆனால் ஒரு நிபந்தனை. சுற்றுப்புறம் புளிப்பாக இருக்க வேண்டும். ஆரோக்கியமான தோலில் இருக்கிறதே, அந்தப் புளிப்பு. புளிப்பு இல்லாத இடத்தில் அந்த அமிலத்துக்கு வேகம் இல்லை.

ஸ்வீடன் சோதனையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். தோல் நன்றாக இருக்கும்போது இந்த ஈஸ்ட் காவலுக்கு உதவுகிறது. தோல் கெட்டுப் புளிப்புக் குறைந்தால் உதவி குறைகிறது, தொல்லை கூடுகிறது. எனவே வைத்தியம் முதலில் பார்க்க வேண்டியது தோலை. ஈஸ்ட் பிறகு.

ஒரு டியூபில் மூன்று மருந்து

இனி, கடையில் விற்கும் அந்தக் கலவைக் களிம்புக்கு வருவோம்.

அதில் அரிப்பை மூன்று நாளில் நிறுத்துவது காளான் மருந்து அல்ல. பாக்டீரியா மருந்தும் அல்ல. ஸ்டிராய்டு! அதுவும் பல கலவைகளில் மிகக் கடுமையான ஸ்டிராய்டு. குளோபெட்டசால் என்பது அவற்றில் ஒன்று. குழந்தையின் முகத்துக்கு டாக்டர்கள் எழுதித் தரும் மென்மையான ஹைட்ரோகார்ட்டிசோனைவிடப் பல நூறு மடங்கு வேகம் கொண்டது.

அதைக் கன்னத்தில் மாதக்கணக்கில் தடவினால் என்ன ஆகும்? தோல் மெலிந்து, சிவப்பு நரம்புகள் வெளியே தெரியும். பருக்கள் கிளம்பும். பெண்களுக்கும் முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கும். எரிச்சல் தாங்காமல் மறுபடி தடவுவார்கள். குடிகாரன் காலையில் மறுபடி கடைக்குப் போவது போல! குழந்தைகளுக்குத் தோல் வழியாக மருந்து ரத்தத்தில் கலந்து வளர்ச்சியையே பாதிக்கலாம். இந்தக் களிம்புகளை முகம் சிவப்பாக வேண்டும் என்று தடவுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கதை இன்னும் பரிதாபம்.

இதில் கேலிக்கூத்து என்னவென்றால், ஸ்டிராய்டைத் தடவத் தடவ, அதே மலசேசியா மயிர்க்கால்களில் பெருகிச் சிறுசிறு கொப்புளங்களை உண்டாக்குவதும் உண்டு. ஈஸ்டைக் கொல்ல வாங்கிய களிம்பு ஈஸ்டுக்கே விருந்து வைக்கிறது!

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2016 மார்ச் மாதம் 344 கலவை மருந்துகளை மத்திய அரசு தடை செய்தது. தோலுக்கான கலவைக் களிம்புகளும் அதில் இருந்தன. கம்பெனிகள் வழக்குத் தொடர்ந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் டெல்லி ஐகோர்ட்டு தடையை ரத்து செய்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. நிபுணர் குழு மறுபடி ஆராய்ந்தது. 2018 செப்டம்பரில் 328 கலவைகளுக்குத் தடை வந்தது. ஸ்டிராய்டு, காளான் மருந்து, பாக்டீரியா மருந்து ஆகியவற்றைக் கலந்த சில களிம்புகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆனால் சில கலவைகள்தான் போயின. மருந்தைக் கொஞ்சம் மாற்றிக் கலந்த மற்றவை கடையில் இருக்கின்றன.

அதே 2018-ம் ஆண்டு மார்ச் மாதம் இன்னொரு உத்தரவும் வந்தது. 14 ஸ்டிராய்டு மேல்பூச்சு மருந்துகள் சட்டத்தின் "எச்" பட்டியலில் சேர்க்கப்பட்டன. அதாவது, டாக்டர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக்கூடாது.

சட்டம் நல்ல சட்டம். ஆனால் சீட்டு எங்கே என்று கேட்கிற கடை எத்தனை? டாக்டர் பீசுக்கும் பஸ் கட்டணத்துக்கும் ஒரு நாள் கூலிக்கும் பயந்து கடைக்காரரையே டாக்டர் ஆக்கிக்கொள்கிற குடும்பங்கள் எத்தனை? சட்டத்தால் மட்டும் இதை நிறுத்த முடியாது. தோல் டாக்டர் இருக்கிற அரசாங்க ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தால், பாதிப் பேர் கடைக்குப் போக மாட்டார்கள். இந்தியத் தோல் மருத்துவர் சங்கம், ஸ்டிராய்டு களிம்புகளின் தவறான உபயோகத்தை எதிர்க்க என்றே ஒரு தனிக் குழு அமைத்துப் பிரசாரம் செய்து வருகிறது.

இந்தக் கலவைகளின் கெடுதி கரப்பானோடு நிற்கவில்லை. வட்டமாகப் பரவும் படர்தாமரைக்கும் மக்கள் இதையே தடவுகிறார்கள். விளைவு? வழக்கமான மருந்துக்கு அடங்காத ஒரு படர்தாமரைக் காளான் இந்தியாவில் பெருகிவிட்டது. 2020-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் அதற்கு "டிரைக்கோபைட்டன் இண்டோடினியே" என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே இந்தியா! 2023-ல் அது அமெரிக்காவிலும், நியூயார்க் நகரில் இரண்டு பேரிடம் கண்டுபிடிக்கப்பட்டது. அது பெருகியதற்குக் கலவைக் களிம்பும் ஒரு முக்கிய காரணம் என்பது தோல் டாக்டர்களின் கருத்து.

ஸ்டிராய்டு பேய் அல்ல

இதைப் படித்துவிட்டு, டாக்டர் எழுதித் தந்த களிம்பையும் குப்பையில் போடுவது அதைவிடப் பெரிய தவறு.

1952-ல் அமெரிக்காவில் சல்ஸ்பெர்கர், விட்டன் என்ற இரண்டு டாக்டர்கள் ஹைட்ரோகார்ட்டிசோனை மேல்பூச்சாகக் கொடுத்து வெற்றி கண்டார்கள். அதற்கு முன்பு கரப்பானுக்குத் தாரும் துத்தநாகமும்தான் கதி. பிள்ளைகள் சொறிந்துவிடாமல் இருக்கக் கைகளைக் கட்டிப் போட்ட காலம் அது. அந்தக் கொடுமையை ஒழித்தது ஸ்டிராய்டு.

எந்த வேகத்தில், எந்த இடத்தில், எத்தனை நாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அளவுக்குக்கூட டாக்டர்கள் ஒரு சுலபமான வழி வைத்திருக்கிறார்கள். பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியில் இருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடாகப் பிதுக்கினால், அது பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும்.

சுவரைப் பூசுவது எப்படி?

அன்றாட வைத்தியம் ஈரம் காப்பதுதான். வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் குளியல். காரமான சோப்பு வேண்டாம். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன்பே ஈரப்பசைக் களிம்பைத் தடவ வேண்டும். தினமும், தோல் நன்றாக இருக்கும் நாளிலும்.

விலை உயர்ந்த களிம்புதான் வேண்டும் என்பது இல்லை. 2014-ல் பிலிப்பைன்ஸ் நாட்டில் கரப்பான் உள்ள 117 குழந்தைகளிடம் 8 வாரம் சோதித்தார்கள். சிலருக்குச் சுத்தமான தேங்காய் எண்ணெய், மற்றவர்களுக்கு மினரல் எண்ணெய். தேங்காய் எண்ணெய் தடவிய குழந்தைகளுக்கு அதிகக் குணம் தெரிந்தது. ஆனால் ஆலிவ் எண்ணெய் வேறு. அது தோலின் சுவரைப் பலவீனப்படுத்துகிறது என்று 2013-ல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகர ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். குழந்தைக்கு நல்லது என்று அதிக விலை கொடுத்து ஆலிவ் எண்ணெய் வாங்குகிறவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும்.

பழைய டியூப் ஒன்று வீட்டில் கிடந்தால், அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது கடினம் அல்ல. மருந்தின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளை எழுத்துக் கூட்டி வாசித்துவிடும். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று இருந்தால் அது ஸ்டிராய்டு. மைக்கோனசோல், கீட்டோகோனசோல், கிளாட்ரிமசோல், டெர்பினாஃபின் என்று இருந்தால் காளான் மருந்து. நியோமைசின், ஜென்டாமைசின் என்று இருந்தால் பாக்டீரியா மருந்து. மூன்று வகையும் ஒரே டியூபில் இருந்தால், அதுதான் அந்தக் கலவைக் களிம்பு. நெடுநாள் தடவி வந்தவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தாமல், டியூபையும் கையில் எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போக வேண்டும். எத்தனை நாள், எந்த இடத்தில் தடவினார்கள் என்பதைத்தான் அவர் முதலில் கேட்பார்.